எர்த் ஒயர அறுத்தவன்

நான் நெறைய பேர அடிச்சிருக்கேன். பெருமைக்குச் சொல்லல, இருக்கறதச் சொல்றேன். எண்பதுகள்ல காரிமங்கலத்துல பஸ் நிக்கற எடத்துக்குப் பின்னால ரேடியோ ரிப்பேர் கடை வச்சிருந்தேன். கடைக்கு வர்றவங்க ரேடியோவ மேசை மேல வச்சிட்டு ரெண்டடி தள்ளித்தான் நிப்பாங்க. ஒருத்தன் நான் சரி பண்ணிக் குடுத்த டேப் ரெக்கார்டர இன்னொரு கடையில குடுத்துப் பிரிச்சுப் பார்க்கச் சொல்லியிருக்கான். தெரிஞ்சதும் சந்தைக்குள்ள பூந்து அவனத் தேடிப் புடிச்சு, தக்காளிக் கூடைங்களுக்கு நடுவுல போட்டு மிதிச்சேன். தக்காளி எதுன்னு தெரியல, ரத்தம் எதுன்னு தெரியல. "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு"ன்னு எங்கம்மா சாகற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தா. புத்தி மட்டுன்னு நான் ஒத்துக்கல. கை முந்திக்கும், அவ்வளவுதான்.

அடி வாங்கினவங்கள்ல பாதிப் பேரு முகம் மறந்துபோச்சு. ஒருத்தரு முகம் மட்டும் போக மாட்டேங்குது. அவரு கம்பைநல்லூர்க்காரரு. ரேடியோ செட்டு வச்சிருந்தாரு. கல்யாணம், காதுகுத்து, திருவிழான்னா மைக்கு வச்சு, குழாய் ஸ்பீக்கர் கட்டி, பாட்டுப் போடறாங்களே, அந்த மொத்தச் சாமானுக்கும் எங்க பக்கம் ரேடியோ செட்டுன்னு பேரு. அந்தாளுக்குச் செட்டுதான் எல்லாம். வெள்ளத் துணியில துடைச்சுத் துடைச்சு வைப்பாரு. அந்தச் செட்டு நல்ல செட்டா, ஆளக் கடிச்ச செட்டான்னு ஊரு ஒரு தீர்ப்பு சொல்லிச்சு. அந்தத் தீர்ப்பு தப்புன்னு தெரிஞ்ச ஒரே ஆளு நான்தான்.

என் தங்கச்சி புருசன் கிடார் வாசிப்பான். நானும் அவனும் ஒண்ணாப் படிச்சவங்க, அதனால மாப்ளேன்னு கூப்பிட்டாலும் வா போன்னுதான் பேச்சு. எங்களது வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவங்க, தாத்தா காலத்துலருந்து கொள்ளு, கேழ்வரகு போட்டுக்கிட்டிருந்தவங்க. மாப்ள டவுன்ல உரக்கடையில வேலை பார்த்தான். ஞாயித்துக்கிழமை பூசையில பாட்டுக் குழுவுக்குக் கிடார் வாசிப்பான். வாரம் பூரா யூரியா மூட்ட தூக்கின கையா இதுன்னு கேக்கற மாதிரி இருக்கும். அவன் வாசிக்கறதக் கேட்டா எனக்குக்கூட கோவம் எறங்கும். என் கோவம் எறங்குதுன்னா அது லேசுப்பட்ட வாசிப்பு இல்ல.

கிடாருக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர் இருந்துச்சு. ரொம்ப வருசத்துக்கு முன்னால எங்க கோயில்ல இருந்த வெள்ளக்காரச் சாமியாரு விட்டுட்டுப் போனது. சாமான் ரூம்ல எலிப் புழுக்கைக்கு நடுவுல கெடந்துச்சு. ரெண்டு ஆளு சேர்ந்து தூக்கற கனம். உள்ள டிரான்சிஸ்டர் கெடையாது, எல்லாம் வால்வு. கண்ணாடிக் குழலு, பல்பு மாதிரி உள்ளுக்குள்ள செவப்பாக் கனியும். அதுல கிடார் ஒயரச் சொருகி ஒரு கம்பியத் தட்டினா நெஞ்சுல வந்து உக்காரும் சத்தம். ஆனா கூடவே ஒரு ஊங்காரம். "ஊஊஊங்"னு, விடாம. வாசிச்சாலும் ஊங்காரம், நிறுத்தினாலும் ஊங்காரம்.

அதோடதான் ஒரு வருசம் திருவிழா மேடை ஏறினான். எங்க ஊரு கோயில் திருவிழாவுல, மத்தியானம் சாப்பாடு முடிஞ்சதும் பாட்டுக் கச்சேரி நடக்கும், சுத்துப்பட்டு ஊருசனம் எல்லாம் வரும். இவன் வாசிக்க ஆரம்பிச்சதும் பின்னாலருந்து ஒருத்தன், "டேய், வண்டு வந்துருச்சுடா! மருந்தடிங்கடா!"ன்னு கத்தினான். சனம் சிரிச்சுது. உரக்கடைக்காரன் இல்லையா, அந்த நக்கலு வேற. அப்புறம் ஒரு செருப்பு பறந்து வந்து கிடார் மேல "டொங்"குன்னு விழுந்துச்சு. நான் மேடையிலருந்து குதிச்சு, செருப்பு விட்டவனத் தேடி, அவன் வாயில குத்தினேன். முன்பல்லு ரெண்டு என் விரல்ல குத்தி ஏறுச்சு. தழும்பு இன்னும் இருக்குது.

மாப்ள கோயிலுக்குப் பின்னால போயி உக்காந்து அழுதுக்கிட்டிருந்தான். "மச்சான், அடுத்த வருசம் ஊங்காரம் இல்லாம ஒரே ஒரு தடவ வாசிக்கணும். இல்லேன்னா இத அடுப்புல வச்சிடறேன்"னான். "நானாச்சு"ன்னேன். வாயி குடுத்தா குடுத்ததுதான்.

அந்த வருசம் பூரா அந்தப் பெட்டியோட மல்லு கட்டினேன். பெங்களூரு போயி பழைய சாமான் கடைங்கள்ல அலைஞ்சு, மிலிட்டரி ரேடியோவுலருந்து கழட்டின கண்டென்சருங்க வாங்கிட்டு வந்தேன். கண்டென்சருன்னா கரண்ட்ட தேக்கி அளவா விடற சின்னக் குப்பி, சுண்டு விரல் நீளம் இருக்கும். பழசெல்லாம் மெழுகு உருகி வீங்கிப்போயிருந்துச்சு. எல்லாத்தையும் புடுங்கிட்டுப் புதுசு வச்சேன். ஒரு ரெசிஸ்டர மாத்தினேன், சத்தம் திக்காச்சு. இன்னொரு எடத்துல ஒண்ணு சேர்த்தேன், கரும்புச் சாறுல இஞ்சி போட்ட மாதிரி ஒரு காரம் வந்துச்சு. கடைசி வால்வ மாத்திப் போட்டப்ப மாப்ள கம்பிய ஒரு இழு இழுத்தான் பாருங்க, எதிர்ல டீக்கடையில கிளாஸ் கழுவிக்கிட்டிருந்தவரு கைய நிறுத்திட்டாரு.

கால்ல மிதிக்கறதுக்கு ஒரு டப்பாவும் செஞ்சு குடுத்தேன். சோப்பு டப்பாதான். அதுக்குள்ள செத்த ரேடியோவுலருந்து எடுத்த ரெண்டு டிரான்சிஸ்டரு, மேல ஸ்கூட்டருல லைட்ட மாத்துவாங்களே அந்த ஸ்விட்சு. மிதிச்சா கிடாரு சத்தம் காடாத் துணியக் கிழிக்கற மாதிரி கிழியும். இன்னொரு மிதி, பழையபடி தேனு. அப்படி ஒரு சாமான காசு போட்டாலும் எங்க வாங்கறதுன்னு எனக்குத் தெரியாது. புத்தகத்துல பார்த்துச் செஞ்சதில்ல, காதால கேட்டுக் கேட்டுச் செஞ்சது. பாட்டுக் குழுவோட பழைய மைக்கக்கூட விடல. தலையக் கழட்டி உள்ள பஞ்சு வச்சேன், "ப"னா சொன்னா "ப்பு ப்பு"ன்னு ஊதறது நின்னுபோச்சு.

எல்லாம் சரி. ஊங்காரம் மட்டும் போகல. அட, எப்படித்தான் அது அங்க உக்காந்திருந்துச்சோ! பாதி ஆச்சே தவிர, போகல. நான் பெட்டியப் பார்த்துக் கத்துவேன், ஸ்குரூ டிரைவர வீசுவேன். ஒரு நாளு கடைக் கதவ ஒதைச்சு ஒரு பலகைய ஒடைச்சேன். பக்கத்துல நின்ன மாப்ள மெதுவா, "மச்சான், கம்பைநல்லூர் ரேடியோ செட்டுக்காரரு செட்டுல சுத்தமா ஊங்காரமே வராது. அவர ஒரு வார்த்த கேட்டுப் பார்க்கலாமா?"ன்னான். பளார்னு விட்டேன் ஒண்ணு. வூட்டு மாப்ளைய கை நீட்டி அடிச்சவன் எங்க வகையறாவுலயே நான் ஒருத்தன்தான். அவன் கன்னத்தப் புடிச்சுக்கிட்டு நின்னான். தங்கச்சிகிட்ட சொல்லல, நல்லவன்.

திருவிழாவுக்கு மூணு நாளு முன்னாடி எர்த் ஒயர அறுத்தேன். பிளக்குல மூணு முள்ளு இருக்குதில்ல, ரெண்டு கரண்டுக்கு, பெரிசா இருக்கற மூணாவது முள்ளு எர்த்துக்கு. உள்ள எங்கயாவது கரண்ட்டு கசிஞ்சு இரும்புப் பெட்டிக்கு வந்துட்டா, அந்த எர்த் ஒயரு அத மண்ணுக்குள்ள எறக்கி விட்டுரும். அது இல்லேன்னா கசிஞ்ச கரண்ட்டு பெட்டியில நிக்கும், கிடார் ஒயரு வழியா வந்து கம்பியிலயும் நிக்கும். ரேடியோ வேல கத்துக்கற எவனுக்கும் மொத நாளே சொல்லிக் குடுக்கற பாடம் இது. எங்க பக்கத்து லைன்ல எர்த்தே பாதி எடத்துல குப்பை, அது வழியாத்தான் ஊங்காரம் உள்ள ஏறுதுன்னு எனக்கு ஒரு சந்தேகம். கட்டிங் பிளேயர எடுத்தேன், "டிக்". அறுத்தேன். ஊங்காரம் நின்னுபோச்சு.

கடையில நிசப்தம். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு, பொய் சொல்லல. பெறங்கையப் பெட்டி மேல வச்சுப் பார்த்தேன். லேசா சுர்ருன்னுச்சு. பழைய டிரான்ஸ்ஃபார்மரு, கொஞ்சம் கசியுது. ரெண்டு பாட்டுதானே, வாசிச்சு முடிச்சதும் திரும்ப ஒட்டிரலாம்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். மாப்ளகிட்ட, "மேடையில செருப்பக் கழட்டாத"ன்னு மட்டும் சொன்னேன். ஏன்னு சொல்லல.

திருவிழா அன்னைக்கு ரேடியோ செட்டுக்காரரு காலையிலயே வந்துட்டாரு. அவருகிட்ட ஒரு பழக்கம். எந்த ஊருக்குப் போனாலும் மொத வேலையா எர்த்துக்குக் குழி தோண்டுவாரு. கடப்பாறையால இடுப்பளவு தோண்டி, ஒரு இரும்புக் குழாய நட்டு, உப்பும் கரியும் போட்டு மூடி, குடத்துத் தண்ணிய ஊத்துவாரு. அரை மணிக்கு ஒரு தடவ போயி ஈரமா இருக்குதான்னு பார்ப்பாரு. கோயில் செவுத்தோரம் அவரு தோண்டிக்கிட்டிருந்தப்ப நான் போயி நின்னேன். "என்னங்க, கெணறு வெட்டறீங்களா? தண்ணி வந்தா சொல்லுங்க, எங்க எருமைய ஓட்டிட்டு வர்றேன்"னேன். நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க. அவரும் சிரிச்சாரு. "எர்த்து இல்லாத செட்டு மூக்கணாங்கயிறு இல்லாத மாடுங்க. எப்ப முட்டும்னு தெரியாது"ன்னாரு. எனக்குச் சுருக்குன்னுச்சு. காட்டிக்கல.

மூணு மணி இருக்கும். மேடையில ஒரு ஓரத்துல எங்க சாமி சுரூபத்த வச்சு மாலை போட்டிருந்தாங்க. மாப்ள மேடை ஏறறப்ப கும்புட்டுட்டுச் செருப்பக் கழட்டிக் கீழ விட்டுட்டான். சாமி இருக்கற எடத்துல எங்காளுங்க எவனும் செருப்புக் காலோட நிக்க மாட்டான், இது எனக்குத் தெரியாதா? தெரியும். கிடார மாட்டினவன் என்னைத் திரும்பிப் பார்த்து, "மச்சான், கம்பி சுருக்கு சுருக்குன்னு கடிக்குது"ன்னான். "மூடிக்கிட்டு வாசிடா"ன்னேன். இதுதான் நான் சொன்ன வார்த்த. ஒவ்வொரு எழுத்தும் ஞாபகம் இருக்குது.

மொதப் பாட்டு வாசிச்சான். ஊங்காரம் துளி இல்ல. போன வருசம் சிரிச்ச சனம் வாயத் தொறந்துக்கிட்டு நின்னுச்சு. நடுவுல டப்பாவ மிதிச்சான், கிடாரு சத்தம் கிழிஞ்சு, குழாய் ஸ்பீக்கர் வழியா ஏரிக்கரை வரைக்கும் போச்சு. விசிலு, கைத்தட்டு, கூச்சல். என் தங்கச்சி பொம்பளைங்க பக்கத்துல நின்னு அழுதுக்கிட்டே சிரிச்சா. பாத்தீங்களாடா நாய்ங்களான்னு நான் கூட்டத்தப் பார்த்து மீசைய முறுக்கினேன்.

ரெண்டாவது பாட்டுல ஒரு அடி அவன் பாடணும். கம்பி மேல கைய வச்சுக்கிட்டே ரேடியோ செட்டு மைக்குகிட்ட குனிஞ்சான். ஒதடு மைக்குல பட்டுச்சு.

அந்தச் சத்தத்த எப்படிச் சொல்றது. குழாய் ஸ்பீக்கருல ஒரு வெடி, அப்புறம் அவன் தொண்டையிலருந்து மாட்டுக் கத்தலு மாதிரி ஒண்ணு. ஒதடு மைக்குல ஒட்டிக்கிச்சு. இடது கை கிடாரு கழுத்தப் புடிச்சது புடிச்சபடி இறுகிப்போச்சு, விரலு கம்பிக்குள்ள பதியுது, பொகை வருது. உடம்பு மொத்தம் வெட்டின ஆடு மாதிரி துள்ளுது. எல்லாரும் மைக்கப் பார்த்தாங்க. என் காலு மட்டும் தானா என் ஆம்ப்ளிஃபயர் பிளக்குகிட்ட ஓடிச்சு. எந்த ஒயரு கொல்லுதுன்னு என் காலுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. புடுங்கினேன். அவன் சாஞ்சான்.

"மைக்கு! மைக்குல ஷாக்குடா!"ன்னு யாரோ கத்தினாங்க. அதுக்குள்ள ரேடியோ செட்டுக்காரரு செட்ட நிறுத்திட்டு மேடையில ஏறி, மாப்ள தலைய மடியில வச்சு நெஞ்சத் தேச்சுக்கிட்டிருந்தாரு. கருகின தோல் நாத்தம். என் கையில பிளக்கு. கூட்டம் என்னைப் பார்க்குது, நான் அடிபட்டவனோட மச்சான், என்ன சொல்லப் போறேன்னு பார்க்குது. சொல்லியிருக்கலாம். ஒரு மூச்சு விடற நேரம் இருந்துச்சு.

பிளக்கக் கீழ போட்டுட்டு, "இவன் செட்டுதாண்டா எம் மாப்ளையக் கொன்னுருச்சு!"ன்னு கத்தினேன். கத்திக்கிட்டே அவரு இடது காதோட சேர்த்து ஒரு அறை. என் பலம் மொத்தத்தையும் சேர்த்து அறைஞ்சேன். மேடையிலருந்து கீழ விழுந்தாரு. அப்புறம் கூட்டம் பார்த்துக்கிச்சு. பந்தக் காலப் புடுங்கி அடிச்சான் ஒருத்தன். குழாய் ஸ்பீக்கர மரத்துலருந்து அறுத்து அவரு முதுகு மேல போட்டானுங்க. நான் குதிச்சு எறங்கி, செவுத்தோரம் அவரு நட்டு வச்ச எர்த் குழாய ஆட்டி ஆட்டிப் புடுங்கினேன். ஈர மண்ணோட வந்துச்சு. அதாலயே அவரு மொழங்கால்ல போட்டேன். அவரு மூஞ்சியக் கையால மூடிக்கிட்டு, "எர்த்தப் பாருங்க! எர்த்தப் பாருங்க!"ன்னு அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தாரு. எவனுக்கு அது புரியும், எனக்கு மட்டும்தான் புரிஞ்சுது. அது புரியப் புரிய எனக்கு வெறி ஏறிச்சு. அந்த வாய மூட வைக்கணும்னுதான் அடிச்சேன், வேற எதுக்கும் இல்ல. ஃபாதர் ஓடி வந்து அவரு மேல குப்புற விழுந்த பெறகுதான் கூட்டம் நின்னுச்சு.

மாப்ள பொழைச்சுக்கிட்டான். தருமபுரி ஆஸ்பத்திரியில இருந்து வர்றப்ப கீழ் ஒதடு பாதி இல்ல. இடது கையில ரெண்டு விரலு சுருண்டுபோயி நிமிரவே இல்ல. மத்த விரலுங்கள்ல கம்பி கோடு கோடாப் பதிஞ்சிருந்துச்சு. கிடார எடுத்து ஆணியில மாட்டிட்டான். ரேடியோ செட்டுக்காரருக்கு இடது காது போச்சு. செவிப்பறை கிழிஞ்சிருச்சுன்னாங்க. ஃபாதர் நடுவுல பேசி போலீசுக்குப் போகாமப் பார்த்துக்கிட்டாரு. நான் மறுநாளே கடைக் கதவச் சாத்திட்டு, அறுத்த ஒயர ஈயம் வச்சு ஒட்டிட்டேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சொல்வாங்க இல்ல, ரெண்டுக்கும் நடுவுல நான் சாலிடர் பண்ணிக்கிட்டு உக்காந்திருந்தேன். தவக்காலத்துல பாவசங்கீர்த்தனத்துக்கு, அதான் ஃபாதர்கிட்ட பாவத்தச் சொல்லி மன்னிப்பு கேக்கறதுக்குப் போயி, "கோவத்துல ஒருத்தர அடிச்சேன் சாமி"ன்னேன். மூணு செபமாலை சொல்லச் சொன்னாரு. சொன்னேன். ஒயரப் பத்தி மூச்சு விடல.

அந்தாளு செட்ட அப்புறம் ஒருத்தரும் கூப்பிடல. ஆளக் கடிச்ச செட்டுன்னு பேரு பரவிப்போச்சு. கல்யாண வூட்டுக்காரங்க யாரு கூப்பிடுவாங்க?

சித்திரை வெயில்ல ஒரு நாளு பஸ்ஸுக்கு மேல அந்தச் செட்டப் போட்டு எடுத்துக்கிட்டு என் கடைக்கே வந்துட்டாரு. நான் எந்திரிச்சுட்டேன், சண்டைக்குத்தான் வர்றாருன்னு. அவரு செட்ட மேசை மேல எறக்கி, வெள்ளத் துணியால தூசியத் துடைச்சாரு. வலது காத என் பக்கம் திருப்பிக்கிட்டு நின்னாரு.

"பத்து தடவ பிரிச்சுப் பார்த்துட்டேனுங்க. எனக்குத் தப்பு தெரியல. உங்களாட்டம் கை இந்தப் பக்கம் யாருக்கும் இல்ல. எங்க தப்புன்னு பார்த்துச் சொல்லிருங்க. அது தெரியாம எனக்குச் சோறு எறங்கல"ன்னாரு.

"நான் உங்கள அடிச்சவன்"னேன்.

"உங்க வூட்டு மாப்ள இல்லீங்களா. அடிக்கத்தானுங்க செய்வீங்க."

தொறந்தேன். கோயிலு மாதிரி இருந்துச்சு உள்ள. ஒவ்வொரு ஒயரும் கட்டு கட்டாக் கட்டி, ஒவ்வொரு ஈயப் பொட்டும் முத்து மாதிரி. எர்த் ஒயரு மட்டும் ரெட்டையாப் போட்டிருந்தாரு, ஒண்ணு அறுந்தாலும் இன்னொண்ணு இருக்கட்டும்னு. அப்பத்தான் எனக்கு முழுசா ஒறைச்சுது. அவரு எர்த்து அவ்வளவு நல்லா இருந்ததாலதான் மாப்ளைக்கு அடி அவ்வளவு பலமா விழுந்துச்சு. என் பெட்டியில எறங்க வழியில்லாம நின்ன கரண்ட்டு, கம்பியிலருந்து அவன் கைக்கு வந்து, ஒதட்டு வழியா இவரு மைக்குக்குப் போயி, இவரு தோண்டின குழியில எறங்கியிருக்குது. குப்பை செட்டா இருந்திருந்தா சும்மா சுர்ருன்னுட்டுப் போயிருக்கும்.

சொல்லிரலாம்னு வாயத் தொறந்தேன். சத்தியமாத் தொறந்தேன். மாப்ளையோட சுருண்ட விரலு, தங்கச்சி மூஞ்சி, பந்தக் காலோட நின்ன கூட்டம், எல்லாம் கண்ணு முன்னால வந்துச்சு. ஸ்குரூ டிரைவர ஒரு கண்டென்சருகிட்ட கொண்டுபோனேன். நல்ல கண்டென்சரு. அதோட கம்பிக் கால அறுத்து எடுத்துட்டு அங்க வேற ஒண்ண ஒட்டினேன், எடுத்தத அவரு உள்ளங்கையில வச்சேன். "இதுதானுங்க. லீக் ஆயிருக்குது. உங்களுக்கு வெளிய தெரியாது"ன்னேன். "வேற போட்டுட்டேன், இனிமே ஒண்ணும் ஆகாது."

சந்தோசப்படுவாருன்னு நெனச்சேன். தப்பு தெரியாம சோறு எறங்கலன்னு அவருதானே சொன்னாரு. அவரு மூஞ்சி செத்துப்போச்சு. "அப்ப என் செட்டுதானுங்களா?"ன்னாரு. அது வரைக்கும் அவருகிட்ட ஒரு சந்தேகம் மிச்சம் இருந்திருக்குது, நம்ம செட்டா இருக்காதுன்னு. காதப் புடுங்கினது போதாதுன்னு அதையும் புடுங்கிட்டேன். கண்டென்சர ஒரு காகிதத்துல மடிச்சு சட்டப் பையில போட்டுக்கிட்டு, செட்டத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாரு.

அதுக்கப்புறம் ரெண்டு வாரம் இருக்கும். ஞாயித்துக்கிழமை மத்தியானம், தங்கச்சி வூட்டுல கறிச்சோறு தின்னுக்கிட்டிருந்தேன். வாசல்ல அவரு. மொட்டை அடிச்சிருந்தாரு. கையில தட்டு, அதுல வாழப்பழம், வெத்தலை பாக்கு. உள்ள வந்தவரு தட்டக் கீழ வச்சிட்டு மாப்ள கால்ல நெடுஞ்சாண்கிடையா விழுந்துட்டாரு.

"என் செட்டுதானுங்க உங்க கையத் தின்னுச்சு. இதோ பாருங்க, உங்க மச்சானே கண்டுபுடிச்சுக் குடுத்தாரு. மன்னிச்சுருங்க"ன்னு காகிதத்தப் பிரிச்சு அந்தக் கண்டென்சர நீட்டினாரு.

மாப்ள அத ஒரு நிமிசம் பார்த்தான். கோவமே வராத ஆளு அவன், நான் கன்னத்துல விட்டப்பக்கூட சும்மா நின்னவன். ஆணியில தொங்கின கிடாரக் கழட்டினான். ரெண்டு கையாலயும் தூக்கி அவரு முதுகுல எறக்கினான். கிடாரு பொளந்துச்சு. "என் விரலக் குடுடா! குடுடா என் விரல!"ன்னு கத்திக்கிட்டே, கையில மிஞ்சின கழுத்தால மறுபடி அடிச்சான். அறுந்த கம்பிங்க அவரு மொட்டைத் தலையில கிழிச்சு ரத்தம் கொட்டுது. அவரு தடுக்கல. அடிங்கன்னு குனிஞ்சு குடுத்தாரு. "அண்ணா! புடிண்ணா! செத்துருவாருண்ணா!"ன்னு தங்கச்சி அலர்றா. நான் எச்சக் கையோட உக்காந்திருக்கேன். அடுத்த அடி மண்டையிலதான்னு தெரிஞ்சுது.

பாஞ்சு மாப்ள கையப் புடிச்சேன். "அவரு செட்டு இல்லடா! என் பெட்டிடா! ஊங்காரம் போகலன்னு எர்த் ஒயர நான்தாண்டா அறுத்தேன்!"

கம்பி கடிக்குதுன்னு அவன் சொன்னது அவனுக்கே ஞாபகம் வந்திருக்கணும். என்னைப் பார்த்தான். அப்புறம் அந்தக் கட்டையால என் வாயில அடிச்சான். மூக்குல அடிச்சான். வாழ்க்கையில மொத தடவையா நான் கையத் தூக்கல. விழுந்தேன், மிதிச்சான். தங்கச்சி இந்தத் தடவ புடின்னு யாரையும் கூப்பிடல. நான் தின்னுக்கிட்டிருந்த தட்ட எடுத்தா, சோறோட கொண்டுபோயி வாசல்ல வீசினா.

மாப்ள மூச்சு வாங்கி நின்னப்ப, ரேடியோ செட்டுக்காரரு தரையில தவழ்ந்து எங்கிட்ட வந்தாரு. கண்ணுல ரத்தம் வழியுது, துடைக்கல. வலது காத என் வாய்கிட்ட கொண்டுவந்தாரு.

"சரியாக் கேக்கலீங்க. இன்னொருக்கா சொல்லுங்க. என் செட்டுல தப்பு இல்லீங்களா?"

"இல்லீங்க."

"இந்தக் கண்டென்சரு?"

"நல்லதுதானுங்க. நான் பொய் சொன்னேன். உங்க செட்டு மாதிரி ஒரு செட்ட நான் பார்த்ததில்லீங்க."

அவரு என்னை அடிக்கல. அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். ரெண்டு கையாலயும் தன் நெஞ்சுல அறைஞ்சுக்கிட்டாரு, தடார் தடார்னு. "ஐயோ, நேத்துத்தானுங்க! ஆளக் கடிச்சது வூட்டுல இருக்கக் கூடாது, ஆத்துல விட்டுட்டுத் தல முழுகுன்னாங்க. ஒகேனக்கல் போயி, பரிசல்காரன்கிட்ட சொல்லி, ஆழமான எடமாப் பார்த்து எறக்கிட்டு வந்தேனுங்க. மொட்ட போட்டு முழுகிட்டு வந்தேனுங்க!"

அவரு எந்திரிச்சு உக்காந்தாரு. அழுகைய நிறுத்திட்டு, கடைக்கு ரேடியோ கொண்டு வர்றவங்க கேக்கற அதே மொகத்தோட என்னைக் கேட்டாரு.

"பரிசல்காரனுக்கு எடம் தெரியுமுங்க. இன்னைக்கே போயி எடுத்து, நல்லா வெயில்ல காய வச்சா, ஓடுங்களா?"

மரப் பெட்டி ஊறியிருக்கும். டிரான்ஸ்ஃபார்மருக்குள்ள தண்ணி போயிருக்கும். அவரு ரெட்டையாப் போட்டு வச்ச ஒயரெல்லாம் பச்சை புடிச்சிரும்.

"ஓடாதுங்க"ன்னேன்.